பழைய ராணுவ விமானத்தின் ஆயுளை எப்படி நீட்டுகிறார்கள்?

ஒரு ராணுவ விமானத்துக்கு என்ன வயது என்று அதைப் பராமரிப்பவரிடம் கேட்டால் மூன்று எண்கள் சொல்வார். தொழிற்சாலையை விட்டு வந்து எத்தனை ஆண்டு ஆகிறது, இதுவரை எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது, எத்தனை முறை ஏறி இறங்கியிருக்கிறது. வெளியில் இருக்கும் நமக்கு முதல் எண்தான் கண்ணில் படும். ஐம்பது வருஷத்து விமானம் இன்னுமா பறக்கிறது என்று பதறிப்போவோம். பராமரிப்பவரின் தூக்கத்தைக் கெடுப்பது நான்காவது ஓர் எண். இந்தக் குறிப்பிட்ட விமானத்தின் உலோகம் இதுவரை எவ்வளவு உழைத்துவிட்டது, இன்னும் எவ்வளவு தாங்கும்? ஆயுள் நீட்டிப்பு என்கிற பெரிய வேலை முழுவதும் இந்தக் கேள்விக்கு நம்பகமான பதிலைத் தேடுவதுதான். பதில் கிடைத்த பிறகு செய்யும் பழுதுபார்ப்பு கடினமானதுதான், ஆனாலும் அது இரண்டாம் பட்சம்.

ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில், ஒரே அச்சில் செய்த இரண்டு போர் விமானங்களை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 3,000 மணி நேரம் பறந்திருக்கின்றன. ஒன்று பெரும்பாலும் உயரத்தில் நிதானமாக ரோந்து போனது. மற்றொன்று பயிற்சிப் படையில் இருந்தது, நாள்தோறும் வான்சண்டைப் பயிற்சி. நேராகப் பறக்கும்போது இறக்கை விமானத்தின் எடையை மட்டும் சுமக்கிறது. அதை 1 ஜி என்பார்கள். இறுக்கமாக வளைந்து திரும்பும்போது அது 6 ஜி, 7 ஜி வரை போகும். அதாவது அந்தச் சில நொடிகளுக்கு இறக்கை ஆறு ஏழு விமானங்களின் எடையைச் சுமக்கிறது. உலோகத்தில் விசை இரண்டு மடங்கானால் சேதமும் இரண்டு மடங்காவதோடு நிற்பதில்லை, பத்து மடங்குக்கும் மேலே போகலாம். ஆகவே மணிக்கணக்கு ஒன்றாக இருந்தாலும் இரண்டாவது விமானம் முதலாவதைவிட மிகவும் கிழடு.

இதனால்தான் விமானப் படைகள் ஒவ்வொரு விமானத்துக்கும் தனிக்கணக்கு வைக்கின்றன. விமானத்தில் பொருத்திய ஒரு கருவி, 3 ஜியை எத்தனை முறை தாண்டியது, 5 ஜியை எத்தனை முறை தாண்டியது என்று எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணிக்கையை வைத்து, கடிகார மணியைச் ‘சமான மணி’யாக மாற்றுவார்கள். ஒரு விமானத்தின் 3,000 மணி 2,200 சமான மணியாகவும், மற்றொன்றின் 3,000 மணி 4,500 சமான மணியாகவும் ஆகலாம் (இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்). இந்தக் கணக்கு இருந்தால் படை சாமர்த்தியமாக நடந்துகொள்ளலாம். அதிகம் தேய்ந்ததை மென்மையான வேலைக்கு மாற்றி, தேயாததைக் கடினமான வேலைக்குக் கொண்டுவரலாம். காசு செலவில்லாத ஆயுள் நீட்டிப்பு இதுதான்.

பயன்படுத்தும் முறை மாறினால் ஆயுள் எப்படிக் கரையும் என்பதற்கு அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் நல்ல உதாரணம். மிக உயரத்தில் பறப்பதற்காக வடிவமைக்கப்பட்டது அது. சோவியத் தரப்பில் விமான எதிர்ப்பு ஏவுகணைகள் வந்ததும், ரேடாரில் சிக்காமல் தரையை ஒட்டிப் பறக்கச் சொன்னார்கள். தரைக்கு அருகே காற்று முரடானது, ஒவ்வொரு குலுக்கலும் இறக்கையை வளைக்கிறது. வடிவமைத்தவர்கள் போட்ட ஆயுள் கணக்கு அங்கே செல்லாமல் போனது. கட்டமைப்பைப் பலப்படுத்தும் வேலைகளில் இறங்க வேண்டியதாயிற்று. அப்படியிருந்தும், 1962இல் கட்டி முடித்த கடைசித் தொகுதியில் 76 விமானங்கள் இன்றும் சேவையில் இருக்கின்றன. 2050களிலும் பறக்க வைப்பதுதான் திட்டம்.

துளையில் தொடங்குகிறது

உலோகம் எப்படித் தேய்கிறது? ஒரு கம்பியை ஒரே இழுப்பில் அறுக்க முடியாது. முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் கையாலேயே உடைந்துவிடும். ஒரு தடவை மடக்கினால் ஒன்றும் ஆகாத அளவுக்குச் சிறிய விசைதான், பல்லாயிரம் தடவை வந்து போகும்போது ஆளைச் சாய்க்கிறது. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். எஃகில், விசை ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை தடவை வந்து போனாலும் பெரும்பாலும் சேதம் வராது. விமானங்களில் அதிகம் பயன்படும் அலுமினியக் கலவைகளுக்கு அப்படி ஒரு தெளிவான பாதுகாப்புக் கோடு கிடையாது. ஒவ்வொரு பறப்பும் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும்.

எந்த இடத்திலிருந்து எடுக்கிறது என்பதுதான் முக்கியம். தகட்டில் ஒரு வட்டத் துளை போட்டுவிட்டு அதை இழுத்தால், துளையின் விளிம்பில் விசை சாதாரண இடத்தைப்போல மூன்று மடங்கு ஆகிறது. ஒரு விமானத்தில் ரிவெட்டுக்கும் போல்ட்டுக்கும் போட்ட துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. விரிசல் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒரு துளையின் விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலாகப் பிறக்கிறது. பல ஆண்டுகள் மெதுவாக நகர்கிறது. நீளம் கூடக் கூட வேகமும் கூடுகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும், அடுத்த திருப்பத்தில் படாரென்று முழுவதும் பிளந்துவிடும். விரிசலின் நீளத்துக்கான இந்த எல்லையை நெருக்கடி நீளம் என்று சொல்லலாம். இனி வரும் கதை முழுக்க இதைச் சுற்றியதுதான்.

உலகம் இதை உறைக்கும்படி கற்றுக்கொண்டது ஒரு பயணிகள் விமானத்திடம். 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் பிரிட்டனின் இரண்டு கோமெட் ஜெட் விமானங்கள் மத்தியதரைக் கடல் பகுதியில் நடுவானில் சிதறின. பிரிட்டனில் ஃபார்ன்பரோ விமான ஆய்வு மையத்தில் ஒரு கோமெட்டின் உடற்பகுதியைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே தண்ணீரை அழுத்தி, பிறகு அழுத்தத்தைத் தளர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பறப்புக்குச் சமம். அந்த விமானம் ஏற்கெனவே 1,221 முறை பறந்திருந்தது. தொட்டியில் இன்னும் 1,836 சுற்று முடிந்தபோது, ஒரு திறப்பின் மூலையிலிருந்து உடல் கிழிந்தது. இந்தக் கோமெட்டின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

விரிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்

ஆரம்பத்தில் பொறியாளர்கள் கையாண்ட முறை எளிமையானது. ஒரு முழு விமானத்தைச் சோதனைக்கூடத்தில் கட்டி வைத்து, ஹைட்ராலிக் கைகளால் இறக்கையை மேலும் கீழும் வளைத்துக்கொண்டே இருப்பார்கள். அது 16,000 மணி தாங்கினால், பறக்கும் விமானங்களுக்கு அதில் பாதியோ அதற்கும் குறைவோ அனுமதிப்பார்கள். ஒரே அச்சில் செய்த உலோகமும் ஒன்றுபோல உழைப்பதில்லை என்பதால் இந்தக் கழிவு.

இந்த முறையில் ஓர் ஓட்டை இருந்தது. 1969 டிசம்பரில், அமெரிக்காவின் நெவாடாவில் ஓர் எஃப்-111 விமானத்தின் இறக்கை நடுவானில் கழன்று விழுந்தது. இருந்த இரண்டு பேரும் இறந்துபோனார்கள். எஃப்-111இன் இறக்கைகள் முன்னும் பின்னும் மடங்கக்கூடியவை. அந்தக் கீல் போன்ற எஃகுப் பகுதியில், வார்த்தடிக்கும்போதே ஒரு குறை விழுந்திருந்தது. தொழிற்சாலைச் சோதனைகளில் அது தப்பிவிட்டது. விமானம் பறந்திருந்தது ஏறக்குறைய 100 மணி நேரம் மட்டும். கிழட்டு விமானம் அல்ல, கைக்குழந்தை.

அதன் பிறகு அமெரிக்க விமானப் படை தன் சிந்தனையையே திருப்பிப்போட்டது. உலோகம் குறையில்லாமல் பிறக்கிறது என்று நம்பக் கூடாது, மிக மோசமான இடத்தில் முதல் நாளிலேயே ஒரு விரிசல் இருக்கிறது என்றே வைத்துக்கொள் என்றது. முக்கியமான துளைகளில் 1.27 மில்லிமீட்டர் விரிசல் இருப்பதாகக் கருதிக் கணக்குப் போடுவார்கள். அது வளர்ந்து நெருக்கடி நீளத்தைத் தொட 4,000 மணி ஆகும் என்று கணக்கு சொன்னால், 2,000 மணியிலேயே திறந்து பார்க்க வேண்டும். விரிசல் எல்லையைத் தொடும் முன் இரண்டு முறை நம் கண்ணில் படும் வாய்ப்பை வைத்துக்கொள்வதற்காக அந்தப் பாதி.

எனக்கு இது இந்தத் துறையின் மிக நேர்மையான யோசனையாகப் படுகிறது. ‘இது உடையாது’ என்கிற வாக்குறுதியை விட்டுவிட்டு, ‘இது உடையும், அதற்கு முன் நான் பார்த்துவிடுவேன்’ என்று சொல்கிறது. பழைய விமானத்தின் ஆயுளை நீட்ட முடிவதற்கும் இதுவே காரணம். குறித்த மணியில் தூக்கிப்போட வேண்டியதில்லை. பார்க்க முடிகிறவரை, பார்த்ததைச் சரிசெய்ய முடிகிறவரை, பறக்கலாம்.

எஃப்-111க்கென்றே கண்டுபிடித்த சோதனை முறையைச் சொல்லாமல் விட மனமில்லை. எஃகு குளிரில் நொறுங்கும் தன்மை பெறும், சின்ன விரிசல்கூட அப்போது பிளந்துவிடும். அதனால் முழு விமானத்தையும் ஓர் அறைக்குள் வைத்து மைனஸ் 40 டிகிரிக்குக் குளிரவைத்து, பறக்கும்போது வரக்கூடிய உச்ச விசையை இறக்கையின் மீது ஏற்றினார்கள். ஆபத்தான விரிசல் இருந்தால் அங்கேயே, ஆளில்லாத அறைக்குள் உடையட்டும். உடையாமல் வெளியே வந்தால், உள்ளே இருக்கும் விரிசல் ஓர் அளவுக்கு மேல் இல்லை என்று பொருள், இத்தனை மணி பறக்கலாம் என்று அனுப்புவார்கள். ஆஸ்திரேலியா தன் எஃப்-111 விமானங்களை 2010 வரை பறக்கவிட்டது.

ஒரு துளையின் அருகில்

ஆயுள் நீட்டிப்புக்காக ஹேங்கருக்குள், அதாவது விமானக் கொட்டகைக்குள், வந்த ஒரு விமானத்தின் இறக்கை அடியில் என்ன நடக்கிறது என்று கிட்டப்போய்ப் பார்க்கலாம். முதலில் பெயின்டை உரித்துவிடுவார்கள். பிறகு குறிப்பிட்ட வரிசையில் இருக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். அவசரப்பட்டுக் கழற்றினால் துளைச் சுவரில் விழும் கீறலே அடுத்த விரிசலுக்கு வித்தாகிவிடும், அதனால் இந்த வேலைக்குப் பொறுமையான கை வேண்டும்.

போல்ட் வந்ததும், பென்சில் தடிமனில் ஒரு கம்பிச்சுருள் முனையைத் துளைக்குள் விட்டுச் சுழற்றுவார்கள். அந்தச் சுருளில் ஓடும் மாறு மின்னோட்டம், துளையைச் சுற்றியுள்ள உலோகத்திலும் சிறு சுழல்களாக மின்னோட்டத்தைக் கிளப்பும். விரிசல் குறுக்கே இருந்தால் சுழல் வளைந்து சுற்றிப்போக வேண்டும், திரையில் கோடு துள்ளும். அந்தத் துள்ளல் விரிசலா, கீறலா, அழுக்கா என்று முடிவு செய்வது சோதிப்பவரின் அனுபவம். இப்படி நூற்றுக்கணக்கான துளைகள். ஒரே நாளில் கண்ணும் மனமும் களைத்துப்போகும் வேலை இது. இருநூறாவது துளையையும் முதல் துளையைப்போலப் பார்க்கிற அந்த ஆளை நம்பித்தான் விமானி மேலே ஏறுகிறார்.

சின்ன விரிசலாக இருந்தால் துளையை ஒரு நூல் பெரிதாகக் கடைந்து விரிசலையே அகற்றிவிடலாம். அடுத்து வருவது அழகான ஓர் உத்தி. துளைக்குள் மெல்லிய உலோக உறை ஒன்றைச் செருகி, அந்த உறையின் உள்வாயைவிடச் சற்றே பருத்த ஒரு தண்டை அதன் வழியாக ஹைட்ராலிக் கருவியால் இழுப்பார்கள். துளை ஒரு சில சதவீதம் விரியும். சுற்றியுள்ள உலோகம் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். விளிம்பில் இருப்பது ஏற்கெனவே நிரந்தரமாக விரிந்துவிட்டதால், சுற்றியுள்ள உலோகம் அதை எல்லாப் பக்கமும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். விரிசல் வளர வேண்டுமானால் அதன் வாய் திறக்க வேண்டும். இந்த நெருக்கல் வாயை மூடி வைத்திருக்கும். துளிகூடப் புதிய உலோகம் சேர்க்காமல், அந்தத் துளையின் ஆயுளைப் பல மடங்கு கூட்ட முடிகிறது.

துளையோடு தீராத விரிசலுக்கு ஒட்டு போடுவதுண்டு. ரிவெட் அடித்து ஒட்டினால் புதிய துளைகள் வேண்டும், வியாதிக்கு மருந்தே வியாதியாகிவிடும். மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1970களில் வேறு வழி கண்டார்கள். போரான் இழையும் பிசினும் சேர்ந்த பட்டையை விரிசலின் மேல் பசைபோட்டு ஒட்டினார்கள். விரிசலைத் தாண்டிப் போக வேண்டிய விசையைப் பட்டை தன்மேல் வாங்கிக்கொண்டது. ஹெர்குலிஸ், மிராஜ் விமானங்களில் அது வேலை செய்தது.

இதற்கும் அப்பால் போனால் உறுப்பு மாற்று சிகிச்சைதான். அமெரிக்காவின் ஏ-10 தாக்குதல் விமானத்துக்கு 2007இல் தொடங்கி 2019க்குள் 173 விமானங்களில் இறக்கைகளையே புதிதாக மாற்றினார்கள். எஃப்/ஏ-18 ஹார்னெட்டில் இறக்கைகளைத் தாங்கும் நடு உடற்பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தியிருக்கிறார்கள். எஃப்-16இன் கதை சோதனையின் பலத்தைக் காட்டுகிறது. 8,000 மணிக்கு வடிவமைக்கப்பட்ட அதைச் சோதனைக்கூடத்தில் 27,000 சமான மணிக்கு மேல் வளைத்துப் பார்த்த பிறகுதான், பலப்படுத்தும் வேலைகளோடு 12,000 மணி வரை பறக்க 2017இல் அனுமதி கிடைத்தது. 27,000ஐ 12,000ஆல் வகுத்துப் பாருங்கள், மேலே சொன்ன அந்தப் பாதிக் கணக்கு இன்றும் காவலுக்கு நிற்பது தெரியும்.

மணிக்கணக்கு பார்க்காத எதிரிகள்

அரிப்புக்குப் பறந்த மணி தேவையில்லை, நின்றுகொண்டிருந்தாலே போதும். இரண்டு வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால், அங்கே ஒரு சின்ன மின்கலமே உருவாகி ஒன்று மற்றொன்றைத் தின்னும். சில அலுமினியக் கலவைகள் ஏடு ஏடாக உரிந்துவரும். கடலோரத் தளத்தில் நின்ற விமானமும் வறண்ட பாலைவனத்தில் நின்ற விமானமும் ஒரே ஆண்டில் பிறந்தவை என்று நம்ப முடியாது. அமெரிக்கா தன் ஓய்வுபெற்ற ராணுவ விமானங்களை அரிசோனா பாலைவனத்தில் டூசான் நகரத்தருகே நிறுத்தி வைப்பது இதற்காகத்தான். அங்கே 2008இல் ஓய்வுக்குப் போன ஒரு பி-52, 2019இல் திரும்ப எழுப்பப்பட்டு, பழுதுபார்ப்புக்குப் பிறகு சேவைக்கு வந்தது.

மின்கம்பிகளும் கிழடாகும். மேலுறை காய்ந்து வெடித்தால் உள்ளே செம்பு தெரியும், பக்கத்துக் கம்பியோடு உரசினால் பொறி பறக்கும். இறக்கைக்குள்ளும் தரைக்கடியிலும் கட்டுக்கட்டாக ஓடும் கம்பிகளில் எது வெடித்திருக்கிறது என்று தேடுவது துளையைத் தேடுவதைவிடக் கொடுமை. பல இடங்களில் மொத்தமாக மாற்றுவதே மேல்.

அடுத்தது உதிரிபாகம். விமானம் நன்றாக இருக்கும், அதைச் செய்த தொழிற்சாலை இருக்காது. இந்திய விமானப் படை தன் 105 ஏஎன்-32 சரக்கு விமானங்களின் ஆயுளை 25 ஆண்டிலிருந்து 40 ஆண்டாக நீட்ட 2009இல் உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டது. ஒரு பகுதி அங்கே, மிச்சம் கான்பூரில் என்று ஏற்பாடு. 2014இல் உக்ரைனில் நெருக்கடி மூண்டதும் பாகங்கள் வருவது சிக்கலானது. ஜாகுவார் போர் விமானத்தை இன்று பறக்கவிடும் ஒரே படை இந்தியாதான். பிரான்ஸிலும் ஓமனிலும் ஓய்வுபெற்ற ஜாகுவார்களின் உடல்களை வாங்கிப் பாகம் கழற்றிக்கொள்கிறார்கள். அதற்குப் புதிய எஞ்சின் போடும் திட்டம் நீண்ட காலம் பேசப்பட்டு, செலவு கட்டுப்படியாகாமல் 2019இல் கைவிடப்பட்டது. பி-52க்குப் பழைய எஞ்சின்களைக் கழற்றிவிட்டு விமானத்துக்கு எட்டு வீதம் புதிய ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சின் போட 2021இல் ஒப்பந்தமானது. ஒரே சிகிச்சை ஒரு விமானத்துக்குக் கட்டுப்படியாகிறது, மற்றொன்றுக்கு இல்லை. மிச்சமிருக்கும் ஆண்டுகளால் செலவை வகுத்துப் பார்க்கும்போதுதான் அது தெரியும்.

இத்தனை வருஷம் பறந்ததே

கோமெட்டுக்குத் திரும்புவோம். அதன் வடிவமைப்பிலிருந்து பிறந்ததுதான் பிரிட்டனின் நிம்ராட் ரோந்து விமானம். 1969இல் சேவைக்கு வந்தது. 2006 செப்டம்பர் 2 அன்று ஒரு நிம்ராட், ஆப்கானிஸ்தான் வானில் எரிபொருள் நிரப்பிக்கொண்ட சற்று நேரத்தில் தீப்பிடித்தது. 14 பேர் இறந்தார்கள். கசிந்த எரிபொருள், சூடான காற்றுக் குழாயைத் தொட்டதே காரணமென்று விசாரணை சொன்னது. அதற்கு முன்பே அந்த விமானத்தின் ஆபத்துகளை ஆராய்ந்து ஒரு பாதுகாப்பு ஆவணம் தயாரித்திருந்தார்கள். அந்த ஆபத்து அதில் சரியாகக் கணிக்கப்படவில்லை. 2009இல் வந்த வழக்கறிஞர் ஹாடன்-கேவின் விசாரணை அறிக்கை, ஆவணம் தயாரித்தவர்கள் மனத்தில் ஒரு நினைப்பு ஊறியிருந்ததைச் சுட்டிக்காட்டியது. முப்பது வருஷம் பறந்துவிட்டது, எப்படியும் பாதுகாப்பானதுதான் என்கிற நினைப்பு.

பழைய விமானத்தைச் சுற்றியிருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் பறந்தது என்பது முப்பது வருஷத் தேய்மானம் உள்ளே இருக்கிறது என்பதற்கான சான்று. நாளை என்ன ஆகும் என்று அது ஒன்றும் சொல்லாது.

அதே நிம்ராட்டின் உடல்களை எடுத்து, புதிய இறக்கையும் புதிய எஞ்சினும் போட்டுப் புதுவகை விமானமாக்கும் திட்டமும் நடந்தது. கணினியில் வரைந்து துல்லியமாகச் செய்த இறக்கைகளைக் கொண்டுவந்தால், 1960களில் கையால் கட்டிய உடல்கள் ஒன்றுக்கொன்று அளவில் வேறுபட்டன. வருடங்கள் இழுத்தன, செலவு ஏறியது, 21 என்று போட்ட எண்ணிக்கை 9 ஆனது. 2010இல் மொத்தமாக ரத்து செய்தார்கள். அமெரிக்காவில் 2007இல் ஓர் எஃப்-15 நடுவானில் இரண்டாக உடைந்ததற்கும் வேர் இதே இடத்தில்தான். உடலின் நீளவாக்கில் ஓடும் தாங்குச்சட்டம் ஒன்று, வரைபடத்தில் இருந்ததைவிட மெல்லியதாகச் செய்யப்பட்டிருந்தது. விமானி காயத்தோடு தப்பினார். கணக்கு வரைபடத்துக்குப் போடப்பட்டிருந்தது, பறந்ததோ வேறொன்று.

காகிதத்துக்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை அளக்க ஒரே வழிதான் இருக்கிறது. சேவையில் நன்றாகத் தேய்ந்த ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுத்து, திரும்பக் கட்டும் எண்ணமே இல்லாமல் பிரித்துப்போடுகிறார்கள். தகடு தகடாக உரித்து, துளைகளை வெட்டித் திறந்து, உருப்பெருக்கியின் கீழே வைக்கிறார்கள். உடைந்த முகத்தில் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன தடம்போல வரிகள் இருக்கும், விரிசல் எப்படி நகர்ந்து வந்தது என்று அவற்றைப் படித்துவிடலாம். அங்கே அளக்கும் சில மில்லிமீட்டர்கள் கணக்கோடு ஒத்துப்போனால், அதே வகையில் பறந்துகொண்டிருக்கும் மற்ற விமானங்களின் அடுத்த சோதனைத் தேதி அப்படியே இருக்கும். ஒத்துப்போகாவிட்டால், அன்று மாலையே சில விமானங்கள் ஹேங்கருக்குள் இழுத்து வரப்பட்டு, இறக்கை அடியில் போல்ட்டுகளைக் கழற்றும் வேலை தொடங்கியிருக்கும்.